அல்தீனாவுக்கு வெள்ளை விழுந்த நாள்

என் தங்கை அல்தீனா செயாப்ரா தன் கடைசித் தொடரில் வசனமே தெரியாமல் நின்றாள் என்றும், யாரோ ஒருவர் மறைவில் உட்கார்ந்து அவள் காதில் வார்த்தை வார்த்தையாக ஊட்டினார் என்றும் லிஸ்பனில் வெளிவரும் வாரப் பத்திரிகை ஒன்று எழுதியிருக்கிறது. அவள் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. பதில் சொல்ல அவள் இல்லை, நான் இருக்கிறேன். பத்திரிகை சொன்னதில் பாதி உண்மை. அந்த யாரோ ஒருவர் நான்தான். பெயர் எவரிஸ்தோ தவெய்ரா. லமேகு நகரில் முப்பத்தெட்டு வருடம் பத்திரப் பதிவாளராக இருந்தவன். உண்மையில்லாத ஒரு வரிக்குக் கீழே என் கையெழுத்து விழுந்ததில்லை. மீதிப் பாதியையும் நானே சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் தவெய்ரா, தங்கை செயாப்ராவா என்று சிலர் கேட்பார்கள். செயாப்ரா எங்கள் அம்மா வீட்டுப் பெயர். எங்கள் நாட்டில் பிள்ளைகளுக்கு அம்மாவின் பெயரும் உண்டு, அப்பாவின் பெயரும் உண்டு. ஆனால் ஊரில் தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்வது அப்பாவின் பெயரைத்தான். அல்தீனாவிடமிருந்து அதை எடுத்துக்கொண்டவன் நான்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று. அவளுக்கு இருபத்தொரு வயது. பிரெஞ்சு படிக்கப் போகிறேன் என்று லிஸ்பனுக்குப் போனவள் நாடகப் பள்ளியில் சேர்ந்தாள். அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. ரெவிஸ்தா மேடையில் ஏறிவிட்டாள். பாட்டும் ஆட்டமும் கேலியுமாக நடக்கும் அந்த மேடைக்கு ஜனங்கள் கால்களைப் பார்க்கப் போவார்கள், தணிக்கைக்காரர் நீலப் பென்சிலோடு போவார். எங்கள் நலம் விரும்பி ஒருவர் சுவரொட்டி ஒன்றைச் சுருட்டி அப்பாவுக்குத் தபாலில் அனுப்பினார். மீன்காரி வேஷம், முழங்காலுக்கு மேல் பாவாடை, தலையில் கூடை. கீழே கொட்டை எழுத்தில் அல்தீனா தவெய்ரா.

அப்பா நீதிபதி. சுவரொட்டியைத் திரும்பச் சுருட்டி என்னிடம் கொடுத்தார்.

"அவ ஆடட்டும். என் பேரு ஆடக் கூடாது," என்றார்.

நான் ஒரு பத்திரம் எழுதினேன். இனி எந்த மேடையிலும் எந்தச் சுவரொட்டியிலும் தவெய்ரா என்ற பெயரைப் பயன்படுத்துவதில்லை என்று அவள் உறுதி சொல்வதாக மூன்று பக்கம். ரயிலேறி லிஸ்பன் போய், நாடகக் கொட்டகையின் பின்வாசல் வழியாக அவள் ஒப்பனை அறைக்குள் நுழைந்தேன். உள்ளே அவளோடு நான்கு பெண்கள் இருந்தார்கள்; யாரும் முழுதாக உடுத்தியிருக்கவில்லை. நான் சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன்.

பத்திரம் என்றால் கையெழுத்துக்கு முன் சம்பந்தப்பட்டவர் காதில் விழும்படி முழுதாகப் படித்துக் காட்ட வேண்டும் என்பது சட்டம். அப்படியே படித்தேன். நடுவில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த உடைக்காரி குரல் கொடுத்தாள்.

"ஐயா, கொஞ்சம் சத்தமா படிங்க. திரைக்குப் பின்னாடி ரெண்டு பேரு இருக்காங்க, அவங்களுக்கு ஒண்ணும் கேக்கல."

எல்லாரும் சிரித்தார்கள். அல்தீனா சிரிக்கவில்லை. கடைசி வரி வரை கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னாள்: "எவ்வளவு தெளிவா படிக்கிறீங்க அண்ணா. ஒரு கமாவைக்கூட விடல."

அதைக் குத்தல் என்றே எடுத்துக்கொண்டேன். அடுத்த வாரம் சுவரொட்டியில் அவள் அல்தீனா செயாப்ரா ஆனாள். அந்தப் பெயரில்தான் நாடு அவளை அறிந்தது. நான் செய்தது சரி என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.

ஆறு வருடம் ரெவிஸ்தா. பிறகு ஊர் ஊராகப் போகும் ஒரு நாடகக் குழு. எங்கள் லமேகுவுக்கே வந்து ஆடினாள். என் மனைவி யுலாலியா எனக்குத் தெரியாமல் தேவாலயத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்திருக்கிறாள். தொலைக்காட்சி வந்த புதிதில் நாடகங்களை நேரடியாகவே நடித்துக் காட்டுவார்கள். தப்பு நடந்தால் நாடு முழுக்கப் பார்க்கும். அதில் அல்தீனாவுக்கு நல்ல பெயர். அவள் வரும் நாட்களில் அப்பா செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டு உட்காருவார். ஒன்றரை மணி நேரத்தில் ஒரு பக்கம் புரளாது.

அப்பா இறந்தபோது வந்தாள். சவ ஊர்வலத்தில் எல்லாருக்கும் பின்னால், ஊர்க்காரர்களோடு நின்றாள். பன்னிரண்டு வருடமாக அவளோடு பேசாதவன் நான். நடந்துபோய், "உன் இடம் முன்னாடி," என்றேன். வந்தாள். எங்களுக்குள் சமாதானம் என்று நடந்தது அவ்வளவுதான்.

பிறகு புரட்சி வந்தது, தணிக்கை போனது. அவள் ராணியாக நடித்தாள், சலவைக்காரியாக நடித்தாள், கன்னிகாஸ்திரீயாக நடித்தாள். தொடர்கள் வந்த பிறகு நாடே அறிந்த கொடுமைக்கார மாமியார் ஆனாள். ஒரு முறை சந்தையில் கருவாட்டுக் கடைக்காரி அவளுக்கு விற்க மாட்டேன் என்றுவிட்டாள். "அந்தப் பொண்ண வீட்ட விட்டுத் தொரத்தினியே, உனக்குக் கருவாடு கேக்குதா?" அல்தீனா அதைத் தன் வாழ்நாள் விருதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, எனக்கு அது தேவையில்லை.

யுலாலியா காலமான பிறகு நான் லிஸ்பனுக்கு வந்தேன். காம்பு தெ ஒரீக் பகுதியில் அவள் இரண்டாம் மாடி, நான் மூன்றாம் மாடி. சூப் தயாரானதும் துடைப்பக் கட்டையால் தன் கூரையை இரண்டு தட்டு தட்டுவாள். நான் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு இறங்கிப் போவேன்.

"சூப்புக்கு எதுக்கு அண்ணா டை? முட்டைக்கோசு என்ன மந்திரியா?"

"மேசைன்னா மேசைதான்."

எனக்கு எண்பத்தொரு வயதானபோது அவளுக்கு ஒரு தொடரில் நல்ல வேஷம் கிடைத்தது. தோரு நதிக்கரையில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் பெரிய வீட்டு அம்மாள், டோனா பெனெதித்தா. ஒருவழியாக மரியாதையான ஒரு பெண்ணாக நடிக்கிறாள் என்று எனக்குச் சந்தோஷம். வசனம் மனப்பாடம் செய்ய எதிராள் வசனத்தை யாராவது படிக்க வேண்டும். சமையலறை மேசையில் அந்த வேலை எனக்கு வந்தது. வேலைக்காரியாகப் படித்தேன், திருட்டு வக்கீலாகப் படித்தேன், பேத்தியின் காதலனாகப் படித்தேன். ஒரு பக்கத்தில் டோனா பெனெதித்தா ஒரு கெட்ட வார்த்தை சொல்வதாக இருந்தது. பென்சிலால் அடித்தேன்.

"தணிக்கைக்காரன் போய் நாப்பது வருஷம் ஆச்சு. பென்சிலக் கீழ வைங்க."

"பெரிய வீட்டு அம்மா இப்படிப் பேச மாட்டா."

"நீங்க எந்தப் பெரிய வீட்டுச் சமையலறைக்குள்ள போயிருக்கீங்க?"

இப்படி ஆறு மாதம் போனது. பிறகு ஒரு நாள் சர்க்கரை டப்பாவைத் திறந்தேன். மூடியின் உள்பக்கம் டோனா பெனெதித்தாவின் வசனம் ஒட்டியிருந்தது. காப்பிக் கோப்பைத் தட்டின் அடியில் ஒன்று. ஜன்னல் திரையின் மடிப்பில் ஊசி குத்தி ஒன்று. ஒரே பக்கத்தை ஒரே காலையில் நான்கு முறை படிக்கச் சொன்னாள்; நான்காவது முறையும் அதை முதல் முறையாகக் கேட்பவளைப் போல உட்கார்ந்திருந்தாள்.

வைத்தியரிடம் கூட்டிப்போனேன். அவர் சொன்னது இன்னதென்று உங்களுக்கே தெரிந்திருக்கும். திரும்பி வரும்போது டிராமில் அவள் என் கைமேல் கைவைத்துக்கொண்டாள்.

"யாருக்கும் சொல்லாதீங்க."

"தவெய்ரா வீட்டு விஷயம் வெளியே போகாது," என்றேன். அப்போதுதான் நான் சொன்ன பெயர் என்ன என்பது எனக்கே உறைத்தது.

ஆனால் படப்பிடிப்பில் கண்டுபிடித்துவிட்டார்கள். எலியோ என்ற இயக்குநர் நாற்பது வயதுக்காரர், நல்ல மனிதர். வீட்டுக்கே வந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மென்று விழுங்கினார். டோனா பெனெதித்தா படிக்கட்டில் விழுந்து இறந்துவிட்டதாக மற்றவர்கள் பேசிக்கொள்வது போல ஒரு காட்சி எழுதிவிடலாம், அல்தீனா சிரமப்பட வேண்டியதில்லை என்றார்.

"என்னைப் படிக்கட்டுல தள்ளி விடறீங்க," என்றாள் அல்தீனா.

"அப்படி இல்ல டோனா அல்தீனா."

"நான் மகனோட பேசற காட்சி இருக்கே. தோட்டத்த வித்துட்டு ஓடினவன் திரும்பி வர்றானே, அது. அதுக்காகத்தான் இந்த வேஷத்த ஒத்துக்கிட்டேன். அத எடுங்க. அதுக்கப்புறம் என்னைப் படிக்கட்டுல தள்ளுங்க, கெணத்துல தள்ளுங்க, நான் கேக்க மாட்டேன். ஐம்பத்து மூணு வருஷம் நின்ன தொழில்லேந்து நடந்து வெளிய போகணும். தூக்கிட்டுப் போகக் கூடாது."

எலியோ தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காதில் ஒரு சின்னக் கருவி வைக்கலாம், செய்தி வாசிப்பவர்களுக்கு வைப்பது போல என்றார். ஒரே ஒரு காட்சிதான் என்றார். அதற்குள் சரியாக வராவிட்டால் படிக்கட்டுதான் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எங்கள் மூவருக்கும் புரிந்தது.

முதலில் மஃபால்தா என்ற உதவியாளப் பெண் படித்தாள். கெட்டிக்காரப் பெண், ஆனால் நடிக்க ஆசை உள்ளவள். கோபம் வரும் இடத்தில் கோபத்தோடும் அழுகை வரும் இடத்தில் அழுகையோடும் படித்தாள். அல்தீனா பத்து நிமிடத்தில் கருவியைப் பிடுங்கி மேசையில் வைத்துவிட்டாளாம்.

அன்று சாயங்காலம் என் தரைக்கு அடியில் துடைப்பக் கட்டை தட்டியது. இறங்கிப் போனால் சூப் இல்லை.

"தலைக்குள்ள ரெண்டு பெனெதித்தா இருக்கா அண்ணா. அந்தப் பொண்ணு அழுதா. அவ அழுத பிறகு நான் எதுக்கு?" கொஞ்ச நேரம் விரலால் மேசையைத் தேய்த்தாள். "அந்தக் காலத்துல எங்க கொட்டகையில ஒரு பொந்து இருந்தாரு."

மேடையின் முன்விளிம்பில், சபைக்குத் தெரியாத குழிக்குள் உட்கார்ந்து வசனத்தை மெல்ல எடுத்துக் கொடுப்பவரை எங்கள் நாடகக்காரர்கள் பொந்து என்பார்கள்.

"அவரு செத்த குரல்ல படிப்பாரு. ஏத்தம் இல்ல, எறக்கம் இல்ல. அப்பத்தான் நடிக்கிறவளுக்கு இடம் இருக்கும். அந்த மாதிரிப் படிக்கிற ஆள் இன்னும் ஒருத்தர எனக்குத் தெரியும்."

புரிந்துவிட்டது. எழுந்து நின்றேன்.

"அல்தீனா, நான் அரசாங்கப் பத்திரப் பதிவாளனா இருந்தவன். பலகைச் சுவருக்குப் பின்னாடி ஒளிஞ்சு உக்காந்து கிசுகிசுக்கறதுக்கு..."

"அன்னிக்கு ஒப்பனை அறையில படிச்சீங்களே. எனக்கு இன்னும் நெனவிருக்கு. காலையில என்ன சாப்பிட்டேன்னு நெனவில்ல, அது இருக்கு. அப்படியே படிங்க. அது போதும்."

அவள் குரலில் குத்தல் இல்லை. அன்றும் இருந்திருக்காதோ என்று முதல் முறையாகத் தோன்றியது. திரும்ப உட்கார்ந்தேன்.

"யாருக்கும் தெரியக் கூடாது," என்றேன்.

"உங்களுக்காகவா, எனக்காகவா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

ஒரு மாதம் பயிற்சி. நான் என் படுக்கையறையில் ஒலிவாங்கியோடு, அவள் கீழே தன் சமையலறையில் காதுக் கருவியோடு. அரை வரி முன்னதாகப் படிக்க வேண்டும். முழு வரி கொடுத்தால் முட்டிக்கொள்வாள். எல்லாவற்றையும்விடக் கடினமானது எப்போது வாயை மூடிக்கொண்டிருப்பது என்பது. நடிகர் வேண்டுமென்றே நிற்பது ஒரு வகை மௌனம். வசனம் அழிந்து மனம் வெறும் தாளாகிப்போவது இன்னொரு வகை. அதை வெள்ளை விழுந்தது என்பார்கள். முதல் மௌனத்தில் பேசினால் பொந்து காட்சியைக் கொன்றுவிடுகிறான். இரண்டாம் மௌனத்தில் பேசாவிட்டால் நடிகரைக் கொன்றுவிடுகிறான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

"எப்படித்தான் கண்டுபிடிக்கறது?" என்று கேட்டேன்.

"அந்தப் பொந்துக்கு எங்க மூச்சு தெரியும்."

படப்பிடிப்புக் கூடத்தில் ஒத்திகை நாள். மரப்பலகையால் கட்டிய பெரிய வீட்டுக் கூடம், அதன் சுவருக்குப் பின்னால் எனக்கு ஒரு நாற்காலி, சின்னத் திரை, ஒலிவாங்கி, ஒரு பொத்தான். பொத்தானை அழுத்தினால்தான் என் குரல் அவள் காதுக்குப் போகும். மஃபால்தா என்னை மரியாதையாக "டாக்டர்" என்று அழைத்தாள். சட்டம் படித்தவனையும் அப்படித்தான் அழைப்போம். அதைக் கேட்ட மற்றவர்கள் அல்தீனாவின் உடல்நிலைக்காக வைத்தியர் ஒருவர் கூடவே இருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். மகனாக நடிக்கும் ரூபென் என்ற நடிகர் இடைவேளையில் வந்து கால்சட்டையைச் சுருட்டி முழங்காலைக் காட்டினார்.

"படி ஏறினா சத்தம் வருது டாக்டர்."

ரகசியத்தைக் காப்பாற்ற வேண்டும். முழங்காலைத் தொட்டுப் பார்த்தேன். "படி ஏறாதீங்க," என்றேன். அவர் திருப்தியாகப் போனார்.

ஒத்திகையில் ஒரு தவறு செய்தேன். முப்பத்தெட்டு வருடப் பழக்கம். தாளில் இருப்பது எதுவாயினும் படிப்பேன், அடைப்புக்குறிக்குள் இருப்பதையும் சேர்த்து. வசனத்துக்கு நடுவில் 'அவள் நாற்காலியில் சாய்கிறாள்' என்று இருந்தது. படித்தேன். அல்தீனா ரூபெனின் முகத்தைப் பார்த்து, "அவள் நாற்காலியில் சாய்கிறாள்," என்று கம்பீரமாகச் சொன்னாள்.

கூடம் அமைதியானது. அவள் நாற்காலியில் சாய்ந்து, "சாய்ஞ்சுட்டா. அடுத்து என்ன பண்ணணும், எலியோ?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், கிழவி குறும்பு செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். பின்னால் வந்து என் தோளில் கிள்ளினாள்.

"நல்லவேளை, 'அவள் இறக்கிறாள்'னு எழுதல."

மறுநாள் காலை பத்து மணிக்குக் காட்சி. நான் என் கறுப்பு உடுப்பை அணிந்திருந்தேன். காட்சி இதுதான்: மகன் வாசலில் நிற்கிறான். டோனா பெனெதித்தா அவனைப் பார்க்கிறாள். சில சில்லறை வார்த்தைகளுக்குப் பிறகு ஒரு நீண்ட பேச்சு. 'உன் தகப்பன் உனக்குக் கொடுத்தது தோட்டத்தை அல்ல, ஒரு பெயரை' என்று அது தொடங்கும். ஒன்றரைப் பக்கம். பெயர், பெருமை, அதை விற்றவனுக்கும் மேசையில் உள்ள இடம். தொடரில் எழுதப்பட்டதிலேயே தகுதியான பகுதி அதுதான் என்று எலியோவிடமே சொல்லியிருந்தேன்.

தொடங்கியது. சில்லறை வார்த்தைகள் நன்றாகப் போயின. நான் அரை வரி முன்னால், அவள் பின்னால். என் செத்த குரல் அவள் வாயில் உயிரோடு வருவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு ரூபென், "அம்மா, நான் உள்ள வரலாமா?" என்றார்.

நீண்ட பேச்சு வர வேண்டிய இடம். அல்தீனா நின்றாள்.

அவள் அங்கே கொஞ்சம் நிற்பாள் என்பது எங்களுக்குள் பேசியது. மூன்று நொடி. மூன்று ஆனது. ஐந்து ஆனது. கேமரா அவள் முகத்துக்கு நெருங்கியது. என் சின்னத் திரை முழுக்க அவள் முகம். கண்கள் ரூபெனைத் தாண்டி எங்கோ போயின, தெரு மாறி நிற்பவரின் கண்களைப் போல. வெள்ளை. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. எலியோ கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து என்னைப் பார்த்துக் கையை அசைத்தார். பொத்தானை அழுத்தினேன்.

'உன் தகப்பன் உனக்குக் கொடுத்தது.' நூறு முறை படித்த வரி. தாளைப் பார்த்தேன். தாளில் எழுத்து இல்லை. என் கண் நிறைந்து எல்லாம் கரைந்துவிட்டிருந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றத் தோன்றவில்லை. மனப்பாடமாகத் தெரிந்த வரிதான், அதைத் தாள் இல்லாமலே சொல்லியிருக்கலாம். தொண்டையிலிருந்து ஒன்றும் வரவில்லை. பொத்தானை அழுத்தியபடி உட்கார்ந்திருந்தேன். சுவர்க் கடிகாரத்தில் இருபது நொடி ஓடியதாக மஃபால்தா பிறகு சொன்னாள்.

அல்தீனா நகர்ந்தாள். ரூபெனிடம் மெதுவாக நடந்து போனாள். அவர் கோட்டின் மேல் பொத்தான் திறந்திருந்தது; அதைப் போட்டுவிட்டாள். இரண்டு முறை முயல வேண்டியிருந்தது. பிறகு கழுத்துப் பட்டையை நேராக்கினாள்.

"குளிருது," என்றாள். "உள்ள வா."

தாளில் அது இல்லை. ரூபென் நல்ல நடிகர். தலையைக் குனிந்துகொண்டு அவளைக் கடந்து வீட்டுக்குள் போனார். அவர் தோள் குலுங்கியது. அல்தீனா வாசலில் நின்று வெளியே யாரும் இல்லாத இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

எலியோ 'கட்' என்று சொல்ல மறந்துவிட்டார். கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். விளக்குத் தூக்குபவர் ஒருவர் கையுறையோடு மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு கைதட்டினார்கள். இன்னொரு முறை எடுக்க வேண்டுமா என்று மஃபால்தா கேட்டதற்கு எலியோ வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். அந்தக் காட்சி அப்படியேதான் ஒளிபரப்பானது. ஒன்றரைப் பக்கப் பெருமை தாளிலேயே தங்கிவிட்டது. யாரும் அதைத் தேடவில்லை. சொல்லப்போனால் நானும் தேடவில்லை.

பத்திரிகைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். அந்தக் காட்சியில் ஊட்ட வேண்டியவன் ஊட்டவில்லை. நாடு பார்த்து அழுத அந்த நிமிடத்தில் அவளுக்கு உதவி கிடையாது. குற்றம் பொந்துவுடையது, நடிகையுடையது அல்ல.

ஒப்பனை அறையில் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

"இடைவெளின்னு நெனச்சேன். அதான் பேசல," என்றேன்.

கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "பொய் சொல்லத் தெரியல உங்களுக்கு. அது வெள்ளைன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"பொத்தான அழுத்தினீங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மூச்சு கேட்டுச்சு. புஸ்ஸு புஸ்ஸுன்னு, மாடிப்படி ஏறி வர்ற மாதிரி." பஞ்சை ஈரமாக்கி நெற்றியைத் துடைத்தாள். "முதல்ல பயமா இருந்துச்சு. எந்த எடம், எதுக்கு நிக்கறேன், எதுவும் தெரியல. அப்பறம் உங்க மூச்சு. சரி, வீட்டு ஆள் யாரோ வந்து வாசல்ல நிக்கறாங்கன்னு நெனச்சேன். உள்ள கூப்பிட்டேன்."

ஒப்பனை மேசையில் இருந்த காகிதக் கைக்குட்டை ஒன்றை எடுத்து நீட்டினாள். வாங்கி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன்.

டாக்சியில் வீட்டுக்குக் கிளம்பினோம். நல்ல வெயில். பாலத்தின் மேல் போகும்போது ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தவள் என் பக்கம் திரும்பினாள்.

"நான் நல்லா பண்ணேனா அண்ணா?"

"நல்லா பண்ண. எல்லாரும் கைதட்டினாங்க."

"நெசமாவா?"

"விளக்குக்காரர் அழுதாரு."

அவள் முகம் மலர்ந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாலம் முடிந்து நகரத்துக்குள் வந்தோம். ஒரு சிவப்பு விளக்கில் வண்டி நின்றது.

"இன்னிக்குத்தானே அந்தக் காட்சி? நான் நல்லா பண்ணேனா?"

டாக்சிக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

"நல்லா பண்ண, அல்தீனா. எல்லாரும் கைதட்டினாங்க. விளக்குக்காரர் அழுதாரு."

"நெசமாவா?" என்றாள். முகம் அதே போல மலர்ந்தது.

காம்பு தெ ஒரீக் சேர்வதற்குள் இன்னும் இரண்டு முறை கேட்டாள். ஒவ்வொரு முறையும் அவளுக்கு அது புதுச் செய்தி. ஒவ்வொரு முறையும் ஒரு வார்த்தை குறையாமல் சொன்னேன்.